முப்பத்தேழு டிகிரி

எங்கள் மகளை ஏழு வயது வரை நாங்கள் தூக்கியதே இல்லை. ஏந்தியிருக்கிறோம். அதற்கென்று ஒரு தட்டு வைத்திருந்தோம். பலகையில் நான்கு அங்குல ஸ்பாஞ்ச் ஒட்டி, இரண்டு பக்கமும் பிடி வைத்து நானே செய்தது. குளிக்க, சாப்பிட, காரில் ஏற எல்லாவற்றுக்கும் செவ்வந்தி அந்தத் தட்டில்தான் போய் வந்தாள். பிறக்கும்போதே அவளுக்கு நான்கு எலும்புகள் முறிந்திருந்தன. ஐந்தாவது, நர்ஸ் துணி சுற்றும்போது முறிந்தது. எலும்புக்குள் இருக்க வேண்டிய ஒரு புரதம் சரியாக அமையாத நோய் என்றார்கள். ஏழு வயதுக்குள் நாற்பத்தொரு முறிவுகள். தும்மலில் ஒன்று. சிரித்ததில் ஒன்று. அதற்குப் பிறகு அவள் எதிரில் யாரும் வேடிக்கையாகப் பேசாமல் பார்த்துக்கொண்டோம்.

என் பெயர் சபரிநாதன். கோவை கணபதியில் நீர்மூழ்கி மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தேன். காயில் கட்டி முடித்ததும் உள்ளே தண்ணீர் புகாமலிருக்க அதன்மேல் எபாக்ஸி ஊற்றி இறுகவைப்போம். ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாகும் பிசின் அது. என் மனைவி பவதாரணி அந்த எபாக்ஸியைத் தயாரிக்கும் கம்பெனியில் வேதியியலாளர். நான் ஊற்றியது ஒருமுறை இறுகாமல் பிசுபிசுத்துப் போனதென்று கம்பெனிக்குப் புகார் செய்தேன். பார்க்க வந்தவள் அவள்தான். தப்பு என்னுடையது, கலவை விகிதம் பிசகியிருந்தது. அன்றைக்கு அவள் எனக்கு விளக்கிச் சொன்னது இன்னும் ஞாபகமிருக்கிறது.

"ரெசின்ங்கறது ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிற கூட்டமுங்க. ஹார்டனர் வந்துதான் அந்தக் கைகளைக் கோத்துவிடணும். எல்லாக் கையும் கோத்தாச்சுன்னா அப்புறம் ஒருத்தர்கூட நகர முடியாது. அதுதான் கெட்டி. நீங்க ஹார்டனரைக் கம்மியா ஊத்தியிருக்கீங்க. பாதிப் பேர் கை கோக்காம நிக்கறாங்க."

செவ்வந்திக்குப் பதினான்கு மாதமிருக்கும்போது தொடை எலும்பு முறிந்தது. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் பவா. உள்ளே முழுக்க ஓட்டைகளாக இருக்கிறது, நம் காயில் மாதிரி, அந்த ஓட்டைகளை நிரப்பினால் என்ன என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. எபாக்ஸியைக் கலந்து ஒரு கப்பில் மறந்து வைத்துவிட்டால் என்னாகும் என்று பட்டறையில் பார்த்திருக்கிறேன். தானாகவே சூடேறி, கப் இளகி, புகை வரும். அதைக் குழந்தையின் எலும்புக்குள் ஊற்றுவதா? ஒரு கப் ஊற்றினால்தான் அப்படி, சொட்டுச் சொட்டாக நாள் இடைவெளி விட்டுச் செலுத்தினால் சூடு தங்காது என்றாள் அவள். எலும்பு வளரும் முனைகளை விட்டுவிட்டு நடுத்தண்டில் மட்டும் நிரப்பினால் குழந்தை வளர்வதற்கும் தடையிருக்காது என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும், இனி இவளை நிறுத்த முடியாது என்று தெரிந்துவிட்டது.

ஆறு வருடமாயிற்று. முதலில் உக்கடத்துக் கசாப்புக் கடையிலிருந்து வாங்கிவந்த ஆட்டெலும்புகள். பிறகு உயிருள்ள விலங்குகள், அனுமதிகள், குழுக்கள். எலும்பு மருத்துவர் ஜெசிந்தா கூடச் சேர்ந்துகொண்டார். அவர் சிகிச்சை அளித்துவந்த குழந்தைகளில் செவ்வந்தியையும் சேர்த்து இந்த நோயுள்ளவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

மூன்றாவது வருடத்தில் பவாவின் விரலிடுக்குகள் அரிக்கத் தொடங்கின. பிறகு கண்ணிமைகள் வீங்கின. அதற்கும் பிறகு, ஆய்வகத்துக்குள் நுழைந்தாலே மூச்சு இழுத்தது. ஹார்டனரோடு வருடக்கணக்காகப் புழங்குகிறவர்களில் சிலருக்கு இப்படி ஆகும். உடம்பு ஒருமுறை அதை எதிரி என்று குறித்துக்கொண்டால் பிறகு மறக்கவே மறக்காது. ஒவ்வொரு முறையும் முன்னைவிட மோசமாகத்தான் சண்டை போடும். வேலையை விட்டுவிடுங்கள் என்று தோல் மருத்துவர் சொன்னதாக எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது என்னிடம் அவள் சொன்னது, கை கொஞ்சம் அரிக்கிறது என்பது மட்டும்தான். இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டாள். முகத்துக்கு மூடி. வேலை நடந்தது.

செவ்வந்தியின் ஏழாவது வயதில், மார்கழிக் குளிரில் அவளுக்கு நிமோனியா வந்தது. இருமிய இருமலில் விலா எலும்புகள் மூன்று விட்டுப்போயின. பிழைத்தாள். ஆனால் ஜெசிந்தா எங்களை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்: நெஞ்சுக்கூடு சுருங்கிக்கொண்டே வருகிறது, அடுத்த குளிர்காலத்தில் இப்படி இன்னொன்று வந்தால் தாங்கமாட்டாள்.

வேறு வழியில்லாத நோயாளி என்ற பிரிவில் அனுமதி கிடைத்தது. நான்கு மாதங்களில் ஒன்பது தடவை ரெசின் செலுத்த அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். அந்த நான்கு மாதமும் பவா கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றாள். எல்லாம் முடிந்து வார்டுக்கு மாற்றிய அன்று நான் மகளின் கையைப் பிடித்தேன். பயந்து பயந்து கொஞ்சம் அழுத்தினேன். கெட்டியாக இருந்தது. என் மகளின் கை கெட்டியாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பவா வாசற்படியில், முகமூடியோடு, ஒரு கையால் நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. அங்கிருந்தே செவ்வந்தியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கேன்டீனில் அவளிடம் நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. உனக்கு உன் ஆராய்ச்சி ஜெயித்தால் போதுமா, நீயெல்லாம் பெற்றவளா என்று கேட்டேன். அவள் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கிளாஸை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நிற்கவும் நடக்கவும் பழக மூன்று மாதமானது. அந்த மூன்று மாதமும் ஏதாவது காரணம் சொல்லிப் பெரும்பாலும் கம்பெனியிலேயே இருந்தாள் பவா. வீட்டிலிருக்கும்போதும் வேறு அறையில். ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செவ்வந்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அதை விட்டாள். நான்கு எட்டு நடந்தாள். சமையலறையிலிருந்து பவா வெளியே வந்ததைப் பார்த்ததும் ஓடினாள். வாழ்க்கையில் அவள் ஓடிய முதல் ஓட்டம் அது. ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பவா இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். அந்தக் கைகள் கீழே இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. போலீஸ்காரர் துப்பாக்கி நீட்டினால் நிற்பார்களே, அப்படி நின்றாள். "தள்ளிப் போ கண்ணு" என்றாள், மிக மெதுவாக. குழந்தை சிரித்துக்கொண்டே இன்னும் இறுக்கினாள். பிறகு பவாவின் மூச்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உதடுகள் வீங்கின. சுவரில் சரிந்து உட்கார்ந்தவள் தன் கைப்பையைக் காட்டினாள். அதில் இரண்டு ஊசிகள் இருந்தன, மூச்சடைத்தால் தொடையில் குத்திக்கொள்ளும் ரகம். குத்தினேன். குத்தும்போதுதான் உறைத்தது. இவை ஏன் இங்கே இருக்கின்றன? இவளுக்கு முன்னமே தெரியும்.

அன்று மாலை ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவளாகவே இடது சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கைக்கு உட்புறம் சதுரச் சதுரமாக ஆறு தழும்புகள், அளந்து வைத்தாற்போல. உடம்புச் சூட்டில் இறுகவைத்த ரெசின் துண்டுகளை ஒட்டிப் பார்த்திருக்கிறாள். ஆறு முறையும் தோல் வெந்து கொப்புளித்திருக்கிறது. ஆபரேஷனுக்குப் பத்து மாதத்துக்கு முன்னால்.

"பட்டறையில நீங்க ஊத்தினதும் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். குரல் கரகரத்தது.

அடுப்பில் வைப்போம் என்றேன். எண்பது டிகிரியில் நான்கு மணி நேரம். அப்போதுதான் முழுசாக இறுகும்.

"உடம்பு முப்பத்தேழு டிகிரிதானுங்க. அந்தச் சூட்டுல முக்கால்வாசிப் பேர் கை கோத்ததுமே கெட்டியாயிடுது. கெட்டியானதுக்கப்புறம் மிச்சப் பேர் நகர முடியறதில்ல. கூட்டத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. வருசக்கணக்கா ஒவ்வொருத்தரா வெளிய வருவாங்க. ரத்தத்துல, அப்புறம் வேர்வைல. ரொம்பக் கொஞ்சம். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. என் உடம்புக்கு அந்தக் கொஞ்சமே போதும்."

எத்தனை வருடம் என்று கேட்டேன். தெரியாது, இருபது இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம் என்றாள். அதை உருக்கி எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும். எரிந்துபோன மோட்டாரிலிருந்து எபாக்ஸியை உளியால் கொத்தித்தான் எடுப்போம். எடுக்கும்போது காயிலும் கூடவே போய்விடும்.

"வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாதுங்க" என்றாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"சொல்லியிருந்தா, பொறுத்துக்கலாம், வேற ஹார்டனர் கண்டுபிடின்னு சொல்லியிருப்பீங்க. அதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருசமாவது ஆகும். டாக்டர் குளிர்காலம்னு சொன்னாங்க." சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "அவ இருக்கணுமுங்க. எங்கிட்ட இல்லாட்டியும் இருக்கணும்."

கேன்டீனில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டாள்.

எங்கள் தெருவின் எதிர்வரிசையில் மாடிப் போர்ஷன் ஒன்று காலியாக இருந்தது. பவா அங்கே குடிபோனாள். எங்கள் மொட்டை மாடிக்கும் அவள் மாடிக்கும் நடுவில் தெரு. காலையிலும் மாலையிலும் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடப் பாடம் நடந்தது, சண்டை நடந்தது, பேன் பார்க்கச் சொல்லி என்னை அங்கிருந்தே ஏவுவது நடந்தது. வெளியிடமென்றால் நான்கு மீட்டர் தள்ளி நிற்கலாம் என்று மருத்துவர் கணக்குச் சொல்லியிருந்தார். நான் பவாவைப் பார்க்கப் போவதென்றால் குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டு போக வேண்டும். பட்டறையில் எபாக்ஸி வேலையை அடியோடு நிறுத்தினேன். மின்விசிறிகளுக்குக் காயில் கட்டத் தொடங்கினேன். எனக்கும் அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் செவ்வந்தியைத் தொட யார் இருப்பார்கள்?

அந்த வருடம் செவ்வந்தி விளையாடப் போவதை நிறுத்திவிட்டாள். பள்ளியில் எல்லோரும் மைதானத்துக்குப் போனால் இவள் வகுப்பிலேயே மின்விசிறிக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று டீச்சர் சொன்னார். வீட்டிலும் அப்படித்தான். எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. ஒருநாள் அவளே கேட்டாள்: "வேர்க்காம இருந்தா அம்மா சீக்கிரம் வந்துருவாங்களாப்பா?"

நான் பவாவிடம் போய்ச் சொன்னேன். அவள் மாடிச் சுவரோரம் வந்து நின்றாள். தெருவில் கீரைக்காரம்மா, பள்ளி வேன், எல்லோரும் இருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"செவ்வந்தி, கீழ எறங்கிப் போய் ஓடு. அந்தக் கோடி வீடு வரைக்கும் ஓடு. நீ ஓடறதுக்குத்தான் கண்ணு இவ்வளவும். நீ ஓடலைன்னா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

செவ்வந்தி இறங்கிப் போய் ஓடினாள். அழுதுகொண்டே ஓடினாள். தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தாள். பவா மேலேயிருந்து, இன்னொரு தடவை என்றாள். மூன்று தடவை ஓடவைத்தாள்.

இதற்கிடையில் பவா ஒரு அறிக்கை எழுதி மருத்துவக் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். தன் ரெசினிலிருந்து கசிவு இருக்கிறது, இன்னொரு குழந்தைக்கு இதைச் செலுத்தக் கூடாது என்று. ஜெசிந்தா வீட்டுக்கே வந்து மன்றாடினார். இது உங்கள் ஒருவருடைய உடம்பின் பிரச்சினை, மற்ற அம்மாக்கள் ஹார்டனரோடு ஆறு வருடம் வேலை பார்க்கவில்லையே, பட்டியலில் பதினொரு குழந்தைகள் காத்திருக்கிறார்களே என்றார். அவர் சொன்னதிலும் நியாயமிருந்தது.

"எனக்கும் முதல் ரெண்டு வருசம் ஒண்ணும் ஆகலீங்க டாக்டர்," என்றாள் பவா. "தெனமும் கொஞ்சங் கொஞ்சமாப் பட்டுத்தான் ஆச்சு. அந்தம்மாங்களும் தெனமும் கட்டிப்பிடிப்பாங்கல்ல. அதுவுமில்லாம, அந்தக் குழந்தைக்கே ஒவ்வாமை வந்துட்டா? சொந்த எலும்பை விட்டு எங்க ஓடும்?"

அப்படியானால் செவ்வந்திக்கு என்று ஜெசிந்தா தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் அதற்காகச் செவ்வந்தியின் ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். இதுவரை ஒன்றுமில்லை.

அனுமதி நிறுத்தப்பட்டது. பதினொரு பேரில் இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்த குளிர்காலங்களில் போய்விட்டார்கள். ஒருவன் பொள்ளாச்சி, இன்னொருத்தி காங்கேயம். இரண்டு வீட்டுக்கும் பவா போனாள். காங்கேயத்தில் குழந்தையின் தகப்பனார் அவளை வாசலிலேயே நிறுத்தி, உன் பெண்ணுக்கு மட்டும் போட்டுக்கொண்டாயே என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

வேறு ஹார்டனர் தேடி முழுசாக ஐந்து வருடம். இப்போது அவள் ரசாயனத்தைத் தொட முடியாது. வேறு இரண்டு பெண்கள் ஆய்வகத்தில் கலந்தார்கள். இவள் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு ஹார்டனர் கிடைத்தது. உடம்புச் சூட்டிலேயே கடைசி ஆள் வரை கை கோத்துவிடும். மிச்சமென்று எதுவும் நிற்காது. அதில் இறுகவைத்த ரெசின் துண்டைத் தன் வலது கையில் ஒட்டிப் பார்த்தாள். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம். தோல் சிவக்கக்கூட இல்லை. மாடியில் நின்று கையைத் தூக்கிக் காட்டினாள். செவ்வந்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. எல்லாம் புரிகிற வயது. அப்படியானால் எனக்கும் பழசை எடுத்துவிட்டுப் புதுசை மாற்றிவிடலாமா என்று கேட்டாள். பவா இல்லையென்று தலையாட்டினாள். செவ்வந்தி சரி என்று சொல்லிவிட்டு, பரீட்சைக்குப் படிக்க வேண்டுமென்று கீழே இறங்கிப் போனாள்.

புது ரெசின் முதலில் ஏறியது கனிஷ்காவுக்கு. தாராபுரத்துக் குழந்தை, ஐந்து வயது. அவளை வீட்டுக்கு அனுப்பும் நாளன்று எங்களையும் வரச் சொல்லியிருந்தார் ஜெசிந்தா. தானும் வர வேண்டுமென்று செவ்வந்தி பிடிவாதம் பிடித்தாள். தாழ்வாரம் நல்ல நீளம். இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்திருந்தன. செவ்வந்தியும் நானும் ஒரு கோடியில் நின்றோம். பவா மறுகோடியில், கனிஷ்காவின் அம்மா சுகந்தியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

கனிஷ்காவுக்குத் தன்னைத் தொடலாம் என்பது புது விஷயம். நர்ஸ், வாட்ச்மேன், பெருக்குகிற அம்மா என்று எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். வந்தவள் பவாவையும் பிடித்துக்கொண்டாள். நான் ஓர் எட்டு முன்னால் வைத்துவிட்டேன். பிறகுதான் இது வேறு ரெசின் என்று ஞாபகம் வந்தது. பவா அசையாமல் நின்றாள். சுகந்தி ஏதோ சொன்னாள். தூக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பவா தரையில் முட்டிபோட்டாள். அந்தக் குழந்தையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். கண்களை மூடிக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. சுகந்தி முதலில் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் பக்கம் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் செவ்வந்தியை அங்கிருந்து கூட்டிப்போய்விடலாம் என்று அவள் தோளைத் தொட்டேன். அவள் என் கையை விலக்கிவிட்டாள். கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமில்லை. கரும்பலகையில் எழுதுவதை ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளும் பிள்ளைகளின் முகம் அது.

காருக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"அம்மா ஒரு கையை முதுகுல வெச்சுக்கறாங்கப்பா. இன்னொரு கையைப் பின்னந்தலைல. தாடையைத் தலைமேல சாச்சுக்கறாங்க. எப்படிப் பிடிப்பாங்கன்னு எனக்கு இத்தன நாளாத் தெரியாது."

நான் கார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"நீங்க ஒருதடவை அதேமாதிரி பிடிங்கப்பா."

கார் நிறுத்துமிடத்தில், வெயிலில் நின்றபடி, ஒரு கையை அவள் முதுகில் வைத்தேன். இன்னொன்றைப் பின்னந்தலையில். தாடையை அவள் உச்சியில் சாய்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"இப்படியில்லப்பா" என்றாள். "அம்மா இன்னும் இறுக்கமாப் பிடிச்சாங்க."